முதல் சிகரெட் எத்தனை மணிக்கு?

கேள்வி: எனக்கு 32 வயது. சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். பெங்களூரில் பெல்லந்தூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. பத்து வருடமாக சிகரெட் பிடிக்கிறேன், தினமும் எட்டிலிருந்து பத்து. கணவருக்குக் கல்யாணத்துக்கு முன்பே தெரியும். ஆனால் நான் எப்போதோ விட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். மாமியார் எங்களோடு இருக்கிறார், அவருக்குத் தெரியவே தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் போய் உட்கார எனக்குத் தைரியம் இல்லை. எங்கள் அபார்ட்மெண்டிலேயே இரண்டு நர்ஸ்கள் குடியிருக்கிறார்கள். அதனால் ஒரு ஆப்பில் கேள்வித்தாள் நிரப்பினேன். "எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட்?" என்ற கேள்விக்கு "மூன்று மணி நேரம்" என்று போட்டேன். 2 மி.கி. நிகோட்டின் சூயிங்கம் வாங்கச் சொன்னது. நான்கு நாள் மென்றேன், விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். அப்புறம் அதே ஆப்பின் சாட்டில் கேட்டேன். நான்கே நிமிடத்தில் புப்ரோபியான் மாத்திரைக்குச் சீட்டு வந்தது. வாங்கிப் பையிலேயே வைத்திருக்கிறேன், போடப் பயம். சின்ன வயதில் எனக்கு இரண்டு தடவை வலிப்பு வந்திருக்கிறது. அடுத்த வருடம் குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்று வேறு வீட்டில் பேச்சு. போன மாதம் மாமியார் ஊருக்குப் போயிருந்த பத்து நாளும் எழுந்தவுடன் பால்கனியில்தான் நின்றேன். உண்மையைச் சொன்னால், அந்த ஐந்து நிமிஷம்தான் ஒரு நாளில் எனக்கே எனக்கென்று இருப்பது. ஆன்லைனில் டாக்டர் பார்ப்பதெல்லாம் உண்மையில் வைத்தியம்தானா? என் விஷயம் வெளியே போகாதா?

(பெயர் வேண்டாம், பெங்களூர்)

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

முதலில் பையில் இருக்கும் அந்த மாத்திரை. போடாதீர்கள். தூக்கியும் எறியாதீர்கள், அடுத்து பார்க்கப் போகும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். புப்ரோபியான் நல்ல மருந்துதான், பல பேருக்கு சிகரெட்டை விட உதவியிருக்கிறது. ஆனால் வலிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டும். அதனால் வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு அதைக் கொடுப்பதில்லை. உங்களுக்குச் சின்ன வயதில் வந்தது காய்ச்சலோடு வந்து போன வலிப்பா, வேறு வகையா, எத்தனை வயதில், மருந்து சாப்பிட்டீர்களா என்பதையெல்லாம் கேட்ட பிறகுதான் ஒரு மருத்துவர் முடிவெடுக்க முடியும். அம்மாவிடம் போனில் கேட்டு வையுங்கள். ஏன் கேட்கிறாய் என்றால் குழந்தை விஷயமாக டாக்டர் கேட்டார் என்று சொல்லுங்கள், அது பொய்யும் இல்லை.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த இடம் அந்த நான்கு நிமிடம். வலிப்பு உண்டா, கர்ப்பத் திட்டம் உண்டா, கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறீர்களா, ரத்த அழுத்தம் எவ்வளவு என்று ஒரு கேள்வியும் இல்லாமல் வந்த சீட்டு அது. அதை எடுத்து ஒரு தடவை பாருங்கள். மருத்துவரின் பெயரும் பதிவு எண்ணும் இருக்கிறதா? 2020 மார்ச் 25 அன்று மத்திய அரசு தொலைமருத்துவத்துக்கு விதிமுறைகள் வெளியிட்டது. பதிவு பெற்ற மருத்துவர் போனிலோ வீடியோவிலோ பார்த்து மருந்து எழுதலாம், அது முறையான வைத்தியமே என்று அன்றிலிருந்து தெளிவாக இருக்கிறது. அதே விதிமுறைகள் இன்னொன்றையும் சொல்கின்றன: செயற்கை நுண்ணறிவில் ஓடும் தளம் தானாக ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது. சாட்டில் உங்களோடு பேசியது ஆளா இயந்திரமா என்று எனக்குத் தெரிய வழியில்லை. ஆளாகவே இருந்தாலும், எதையும் கேட்காத ஆள். ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: ஆன்லைன் வைத்தியம் வைத்தியம்தான், நீங்கள் பெற்றது வைத்தியம் இல்லை.

சரி, அந்த மூன்று மணி நேரத்துக்கு வருகிறேன்.

நிகோட்டின் அடிமைத்தனத்தை அளக்க மருத்துவர்கள் வைத்திருக்கும் கேள்வித்தாளில் மொத்தம் ஆறே கேள்விகள். ஃபாகர்ஸ்ட்ரோம் சோதனை என்பார்கள். அதில் எடை அதிகம் உள்ள கேள்விகளில் ஒன்று, எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட் என்பது. 5 நிமிடத்துக்குள் என்றால் 3 மதிப்பெண், அரை மணிக்குள் என்றால் 2, ஒரு மணி நேரத்துக்குள் என்றால் 1, அதற்கும் மேல் என்றால் பூஜ்யம். காரணம் எளிது. ரத்தத்தில் உள்ள நிகோட்டின் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாதியாகக் குறையும். இரவு தூங்கி எழும்போது உடம்பு வறண்டு கிடக்கும். அந்த வறட்சியை ஒருவரால் எவ்வளவு நேரம் தாங்க முடிகிறது என்பதுதான் கேள்வியின் உள்ளர்த்தம்.

நீங்கள் நேர்மையாகத்தான் மூன்று மணி நேரம் என்று எழுதினீர்கள். பூஜ்யம் விழுந்தது. ஆனால் அந்த மூன்று மணி நேரமும் உங்கள் உடம்பு தாங்கிய நேரம் இல்லை, மாமியாருக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்த நேரம். அவர் ஊருக்குப் போன பத்து நாளில் உண்மை பால்கனிக்கு வந்துவிட்டது. ஒளித்துப் புகைப்பவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும். என்னிடம் வருகிறவர்களில் பெண்களிடம் மட்டுமல்ல, அப்பா கூட இருக்கும் பையன்களிடமும், ஹாஸ்டல் வார்டன்களிடமும்கூட நான் கேள்வியை மாற்றித்தான் கேட்பேன்: "தனியாக, யாரும் இல்லாத வீட்டில் எழுந்தால் எப்போது?" இந்த ஒரு கேள்வியில் மருந்தின் அளவே மாறிவிடும். எழுந்த அரை மணிக்குள் தேடுபவர்களுக்கு வழக்கமாக 4 மி.கி. கம்தான். அதற்கு மருத்துவர் சீட்டு வேண்டும். உங்கள் கையில் கிடைத்தது கடையில் கேட்டாலே தரும் 2 மி.கி. போதாதற்கு, பெண்களின் உடம்பு ஆண்களைவிட வேகமாக நிகோட்டினைக் கரைத்துவிடும், கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் இன்னும் வேகமாக. ஆக, அரைக் கரண்டி சோறு போட்டுவிட்டுப் பசி ஏன் அடங்கவில்லை என்று உங்களைக் கேட்டிருக்கிறார்கள்.

அப்புறம் மென்ற விதம். விக்கலும் நெஞ்செரிச்சலும் வந்தது என்று நீங்கள் எழுதியதுமே புரிந்துவிட்டது, அதை பபிள்கம் மாதிரி சவைத்துத் தள்ளியிருக்கிறீர்கள். அந்த மருந்து வேலை செய்வது வயிற்றில் இல்லை, கன்னத்தில். வாயில் போட்டு மெதுவாக நாலைந்து தடவை கடித்தால் மிளகு பட்ட மாதிரி சுருக்கென்று ஒரு காரம் வரும். வந்த உடனே நிறுத்திவிட்டு, நம் ஊர்ப் பாட்டிகள் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்குவார்களே, அப்படி ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவே ஒதுக்க வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி இரண்டு கடி, அடுத்த கன்னம். இப்படி அரை மணி நேரம் ஓடும். எச்சிலை மடக் மடக்கென்று விழுங்கினால் மருந்து வயிற்றுக்குப் போய் வீணாகும், கூடவே விக்கல். கம் போடுவதற்குக் கால் மணி நேரம் முன்னாலிருந்தே காபி, ஜூஸ் வேண்டாம், வாயில் புளிப்பு இருந்தால் மருந்து உள்ளே இறங்காது. இதை வீடியோவில் ஒருவர் முன்னால் உட்கார்ந்து செய்து காட்டினால் ஐந்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும். நானே கேமரா முன் கம் மென்று காட்டியிருக்கிறேன். பார்த்தால் சிரிப்பாகத்தான் இருக்கும்.

உங்கள் நிலைக்கு எனக்குத் தோன்றும் வழி, தோலில் ஒட்டும் நிகோட்டின் பேட்ச்சும் கம்மும் சேர்ந்தது. பேட்ச் நாள் முழுக்க மெதுவாக நிகோட்டினைக் கொடுத்துக்கொண்டே இருக்கும், திடீரென்று வரும் வெறிக்குக் கம். தனியாக ஒன்றைப் பயன்படுத்துவதைவிட இரண்டும் சேர்ந்தால் பலன் கூடுதல். கையில் ஒட்டினால் மாமியார் கேட்பாரே என்று யோசிப்பீர்கள். இடுப்புக்குப் பக்கத்தில் ஒட்டலாம், தினமும் இடம் மாற்றி. கனவு தொல்லை அதிகமானால் படுக்கும்போது எடுத்துவிடலாம். எத்தனை மி.கி. பேட்ச் என்பதை உங்களைப் பார்க்கும் மருத்துவர் முடிவு செய்யட்டும். நிகோட்டினைக் கைவிட நிகோட்டினா என்று முகம் சுளிக்க வேண்டாம். அடிமைப்படுத்துவது நிகோட்டின், ஆனால் புற்றுநோயையும் நுரையீரல் நோயையும் கொண்டுவருவது புகையில் உள்ள மற்ற சரக்குகள். 2022-இல் நம் அரசு வெளியிட்ட தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் நிகோட்டின் மாற்று மருந்தும் இடம் பிடித்தது.

வரெனிக்ளின் என்று இன்னொரு மாத்திரை உண்டு. மூளையில் நிகோட்டின் போய் உட்காரும் அதே இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு பாதித் திருப்தியைத் தரும், புகைத்தால் கிடைக்கும் மீதியைத் தடுக்கும். வழக்கமாக 12 வாரம். ஆனால் வலிப்பு வந்தவர்கள் அதையும் யோசித்துத்தான் எடுக்க வேண்டும், கர்ப்ப காலத்துக்கும் அது ஏற்றதல்ல. பேட்ச், கம்கூட கர்ப்பம் தரித்த பின் மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே. அதனால்தான் சொல்கிறேன், குழந்தைப் பேச்சு அடுத்த வருடம் என்றால் வேலையை இந்த வருடமே முடித்துவிடலாம். நாள் நிறைய இருக்கிறது.

இனி ஆன்லைனைப் பற்றி. இதில் எனக்கு ஒரு தீர்மானமான கருத்து உண்டு. சிகரெட்டை விடுகிறவருக்கு முதல் ஆலோசனையைவிட மூன்றாம் நாள் வரும் அழைப்பு முக்கியம். விட்ட இரண்டாம் மூன்றாம் நாளில்தான் எரிச்சலும் தூக்கமின்மையும் உச்சிக்குப் போகும். அன்றைக்கு லீவு போட்டு, சில்க் போர்டு சிக்னலில் முக்கால் மணி நேரம் நின்று, கிளினிக்கில் டோக்கன் வாங்கி உட்கார யாரால் முடியும்? அந்தச் சிக்னலிலேயே ஜன்னலை இறக்கி ஒன்று பற்றவைத்துவிடுவார்கள். ஆனால் ஆபீஸ் படிக்கட்டில் நின்றபடி பத்து நிமிடம் போனில் பேசிவிடலாம். அல்சூரில் என் கிளினிக்குக்கு வருகிறவர்களிடமும் முதல் தடவை நேரில் பார்த்துவிட்டு மீதியைப் போனில்தான் செய்கிறேன். ஆகவே ஒரு ஆன்லைன் மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும்போது படிப்பு, கட்டணம் எல்லாம் பார்த்தபின் கடைசியாக இதைக் கேளுங்கள்: "விட்ட மூன்றாம் நாள் நீங்கள் என்னைக் கூப்பிடுவீர்களா?" ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம், மூன்று மாதம் என்று அட்டவணை போட்டுத் தருகிறவர் கிடைத்தால் பிடித்துக்கொள்ளுங்கள்.

காசில்லாமல் இதைச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். சிகரெட் பெட்டியிலேயே 1800-11-2356 என்று ஒரு எண் அச்சாகியிருக்கும், 2018-லிருந்து. பத்து வருடப் புகையாளரான நீங்கள் அதைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. பார்த்துவிட்டுப் பெட்டியைத் திருப்பி வைத்திருப்பீர்கள். தேசியப் புகையிலை விடுப்பு உதவி எண் அது, கட்டணம் இல்லை. அதன் மையங்களில் ஒன்று நம் ஓசூர் சாலை நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இருக்கிறது, தமிழிலும் பேசலாம். நிம்ஹான்ஸ் என்றால் நம்மவர்கள் முகம் ஒரு மாதிரி ஆகும், எனக்குத் தெரியும். போனில் பேசும்போது யார் வாசலில் நிற்கிறீர்கள் என்று எவருக்கும் தெரியப்போவதில்லை. அவர்கள் மருந்து எழுத மாட்டார்கள். ஆனால் விடும் நாளைக் குறிக்க உதவி, பிறகு அவர்களே திரும்ப அழைத்து விசாரிப்பார்கள். மருந்துக்கு வீடியோ மருத்துவர், பேச்சுத் துணைக்கு இந்த எண் என்று இரண்டையும் சேர்த்துக்கொண்டால் உங்களுக்குப் போதும்.

ரகசியம் பற்றிக் கேட்டீர்கள். மருத்துவரிடம் பொய்ப் பெயர் கொடுத்துப் பார்க்க முடியாது, விதிமுறைகள் அனுமதிக்காது. நோயாளி யார் என்று மருத்துவருக்கும், மருத்துவர் யார் என்று நோயாளிக்கும் தெரிய வேண்டும். ஆனால் நீங்கள் சொன்னது எதையும் உங்கள் கணவர் வந்து கேட்டாலும் அவர் சொல்லக் கூடாது. என் அனுபவத்தில் விஷயம் கசிவது மருத்துவரிடமிருந்து இல்லை, வீட்டிலிருந்துதான். மருந்துக் கடை ஆப் கணவரின் நம்பரில் இருக்கும், "உங்கள் நிகோட்டின் பேட்ச் புறப்பட்டுவிட்டது" என்று அவருக்கு மெசேஜ் போகும். அல்லது டெலிவரிப் பையன் பெல் அடிப்பான், மாமியார் வாங்கி வைப்பார். உங்கள் சொந்த எண்ணில் புதுக் கணக்கு தொடங்குங்கள், மருந்தை ஆபீஸ் பக்கத்துக் கடையில் நேரில் வாங்குங்கள். கம்பெனி இன்சூரன்ஸில் கேட்காமல் கைக்காசு கொடுத்துவிடுங்கள்.

கணவரிடம் சொல்ல வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. முதல் இரண்டு வாரம் உங்கள் முகம் சிடுசிடுவென்று இருக்கும்போது காரணம் தெரிந்த ஒரு ஆளாவது பக்கத்தில் இருந்தால் நல்லது. அது ஆபீஸ் சிநேகிதியாகவும் இருக்கலாம்.

வீடியோவில் முடியாதவையும் உண்டு. நெஞ்சில் ஸ்டெத் வைக்க முடியாது, ஊதச் சொல்லி மூச்சை அளக்க முடியாது. ரத்த அழுத்தத்தை மருந்துக் கடையிலோ ஆபீஸ் மருத்துவ அறையிலோ பார்த்து எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். சளியில் ரத்தம், மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மல், வாயில் ஆறாத புண் அல்லது வெள்ளைத் தடிப்பு, படியேறினால் மூச்சு வாங்குவது, இதில் எது இருந்தாலும் யார் பார்த்தாலும் பரவாயில்லை என்று நேரில் போக வேண்டும். நெஞ்சு வலி என்றால் போனை எடுக்கவே எடுக்காமல் அவசரப் பிரிவுக்கு. விட்ட பிறகு சில வாரம் இருமல் கூடும், வாய்ப்புண் வரும், மலச்சிக்கல் வரும். அதற்கெல்லாம் பயப்பட வேண்டாம், அழைப்பில் சொன்னால் போதும். ஆபீஸில் யாராவது வேப் (மின் சிகரெட்) நீட்டினால் வேண்டாம் என்றுவிடுங்கள், 2019 சட்டப்படி அதன் விற்பனையே இங்கே குற்றம், உள்ளே இருப்பதும் அதே நிகோட்டின்.

காபியைப் பற்றி அதிகம் பேர் சொல்வதில்லை, கும்பகோணத்துக்காரருக்கு நான் சொல்லியே ஆக வேண்டும். புகையில் உள்ள சில பொருள்கள் காபியின் கஃபீனைக் கரைக்கும் ஈரல் நொதியை முடுக்கிவிடும். அதனால் புகைப்பவர்கள் நாலைந்து டிகிரி காபி குடித்தும் சும்மா இருப்பார்கள். சிகரெட்டை நிறுத்தியதும் நொதி பழைய நிலைக்குத் திரும்பும், அதே காபி உடம்பில் ரொம்ப நேரம் தங்கும். படபடப்பு, கை நடுக்கம், தூக்கம் வராமை. உடனே "ஐயோ சிகரெட் இல்லாமல் என்னால் முடியவில்லை" என்று நினைத்துக்கொள்வோம், பாதிக் காரணம் டம்ளரில் இருக்கும். விடுகிற வாரம் காபியைப் பாதியாக்குங்கள். இந்த ஊர் அதற்கு வசதியான ஊர், யாரையாவது சேர்த்துக்கொண்டு, ஒரு காபியை இரண்டு டம்ளரில் பங்கிட்டுத் தரும் பை-டூ சொல்லிவிடலாம்.

பை-டூ குடிக்கும் இடம் மட்டும் மாற வேண்டும். ஆபீஸ் வாசலில் இருக்கும் கான்டிமென்ட்ஸ் கடையில் ஒற்றை ஒற்றையாக வாங்கித்தானே பற்றவைக்கிறீர்கள்? அந்த லைட்டர் கயிற்றில் தொங்குவதைப் பார்த்தாலே கை நீளும். ஒரு மாதத்துக்கு அந்தப் பக்கம் வேண்டாம்.

அந்த ஐந்து நிமிஷம் "எனக்கே எனக்கு" என்று எழுதினீர்களே, அதை நான் இரண்டு தடவை படித்தேன். ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது நானும் பிடித்தவன்தான். வார்டிலிருந்து வெளியே வர எனக்கு இருந்த ஒரே சாக்கு அது. சிகரெட்டை விட்டபோது நான் செய்த தப்பு, வெளியே வருவதையும் சேர்த்து விட்டதுதான். இரண்டு வாரத்தில் திரும்பப் பிடித்தேன். பேட்ச் நிகோட்டினை ஈடுகட்டும், தனியாக நிற்கும் ஐந்து நிமிடத்தை ஈடுகட்டாது. அந்த நேரத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். அதே மணிக்கு எழுந்து மாடிக்குப் போங்கள், சும்மா நில்லுங்கள், கன்னத்தில் கம்மை ஒதுக்கிக்கொண்டு. யாராவது கேட்டால் காற்று வாங்கப் போனேன் என்று சொல்லுங்கள். இத்தனை வருடம் சொன்னதில் இது ஒன்றாவது நிஜமாக இருக்கட்டும்.

கடைசியாக நாள். மாமியார் அடுத்து ஊருக்குப் போகும்போது, யாரும் பார்க்காமல், நிம்மதியாக விட்டுவிடலாம் என்று உங்களுக்குத் தோன்றும். வேண்டாம். அவர் இருக்கும்போதே விடுங்கள். அவர் இருக்கும் வீட்டில் எழுந்து மூன்று மணி நேரம் நீங்கள் ஏற்கெனவே புகைப்பதில்லை, நாளின் மிகக் கஷ்டமான பகுதியை அவர் உங்களுக்காகக் காவல் காத்துக்கொண்டிருக்கிறார், அவருக்கே தெரியாமல். இரண்டு வாரத்துக்குள் ஒரு நாளைக் குறியுங்கள், அதற்கு முன்பே வீடியோவில் மருத்துவரைப் பார்த்து மருந்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அவர் ஊருக்குக் கிளம்பும் தேதி தெரிந்த உடனே, டிக்கெட் போடும் அதே கையோடு, அவர் போன மறுநாள் காலை ஆறு மணிக்கு உங்களைக் கூப்பிடச் சொல்லி மருத்துவரிடமோ சிநேகிதியிடமோ பேசி வையுங்கள். பால்கனிக் கதவைத் திறப்பதற்கு முன் போன் அடிக்க வேண்டும்.